அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்துவிட்டு லண்டன் திரும்புகிறவர்களுக்கு

பிரித்தானிய பாஸ்போட் கையில் இருந்தால் லண்டனில் இறங்கிய அடுத்த கிழமையே பெனிபிற், அதாவது அரசாங்க உதவிப்பணம், எடுக்கலாம் என்று கொடிகாமத்தில் இருந்து காரைநகர் வரை எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எடுக்க முடியாமலும் போகலாம். எனக்கு முதல் தரம் அப்படித்தான் போனது. நான் இருபது வருடத்துக்கு மேல் லண்டனில் இருந்தவள், அங்கேயே வேலை செய்து வரி கட்டியவள், பாஸ்போட்டும் அந்த நாட்டுடையதுதான். இடையில் அம்மாவைப் பார்க்க யாழ்ப்பாணம் வந்து இரண்டு வருடத்துக்கு மேல் நின்றுவிட்டுத் திரும்பிப் போனால், நீங்கள் இந்த நாட்டில் வழக்கமாக வசிக்கிறவர் இல்லை, ஆகவே உங்களுக்கு உதவிப்பணம் இல்லை என்று பதில் வருகிறது. இப்போது வேறொரு அலுவலாக மறுபடி கொக்குவிலில் நிற்கிறேன். வந்த நாளில் இருந்து சொந்தக்காரர், அயலட்டை என்று ஒருவர் மாறி ஒருவர் இதையே கேட்கிறார்கள், அதுவும் மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்து, ஏனென்றால் "அவ சோசல் எடுக்கிறா" என்பது எங்கள் ஊரில் இன்னும் ஒரு வசைதான். நான் வெட்கப்படவில்லை. அதனால் தெரிந்ததை ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

ஒருவர் அங்கே வழக்கமாக வசிக்கிறவரா என்று பார்க்கிற சோதனைக்கு ஹபிச்சுவல் ரெசிடென்ஸ் ரெஸ்ற் என்று பெயர். வதிவிடச் சோதனை என்று வைத்துக்கொள்வோம். 1994 ஓகஸ்ட் 1 இல் தொடங்கியது, அப்போது பீற்றர் லில்லி என்பவர் சமூகப் பாதுகாப்பு அமைச்சர். ஐரோப்பாவில் இருந்து உதவிப்பணம் எடுப்பதற்காகவே வருகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் சொன்ன காரணம். ஆனால் சொந்த நாட்டுக்காரரை விட்டுவிட்டுப் பிற நாட்டுக்காரரை மட்டும் சோதிக்க ஐரோப்பியச் சட்டம் விடாது. ஆகவே எல்லாருக்கும் பொதுவாக வைத்தார்கள், அதில் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பிரித்தானியக் குடிமக்களும் சேர்ந்து மாட்டினார்கள். யாரெல்லாம் மாட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பங்களாதேசில் உள்ள சில்ஹெற்றுக்கும் பாகிஸ்தான் பக்கத்து மிர்ப்பூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தாய் தகப்பனைப் பார்க்கப் போய்வருகிற எங்களைப் போன்ற ஆட்கள்தான்.

சோதனையில் இரண்டு பகுதி. ஒன்று, அந்த நாட்டில் வசிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பது. இது 2004 மே மாதம், கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது சேர்க்கப்பட்டது. பிரித்தானியப் பாஸ்போட் வைத்திருப்பவருக்கு இதில் சிக்கல் இல்லை. மற்றது, உண்மையிலேயே அங்கே வாழ்கிறீர்களா, தொடர்ந்து வாழப் போகிறீர்களா என்பது. பாஸ்போட் இதற்குப் பதில் சொல்லாது. உங்கள் வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். குடும்பம் எங்கே, சாமான் எங்கே, வங்கிக் கணக்கு எங்கே, ஏன் போனீர்கள், ஏன் திரும்பினீர்கள், திரும்பவும் போவீர்களா.

எவ்வளவு நாள் இருந்தால் போதும் என்று சட்டத்தில் ஒரு கணக்கு எழுதி வைக்கவில்லை. 1999 இல், அப்போது அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த ஹவுஸ் ஒஃப் லோட்ஸ், நெஸ்ஸா என்ற பெயரில் ஒரு வழக்கைத் தீர்த்தது. பங்களாதேசில் இருந்து ஐம்பத்தைந்து வயதில் வந்த ஒரு பெண்ணின் வழக்கு அது. வாழ வந்திருக்கிறேன் என்ற எண்ணம் மட்டும் போதாது, குறிப்பிடத்தக்க அளவு காலம் உண்மையாகவே இருந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள், அந்த அம்மா தோற்றுவிட்டா. அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகளில் ஒரு மாதம் தொடக்கம் மூன்று மாதம் வரை என்பதைச் சாதாரண அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த நெஸ்ஸா தீர்ப்பிலேயே எங்களுக்கு வேண்டிய ஒரு வரி இருக்கிறது. முன்பு அங்கே வாழ்ந்தவர், இடையில் வெளியே போய், பழைய வாழ்க்கையைத் தொடரத் திரும்பி வருகிறார் என்றால் அவருக்கு அந்தக் காத்திருப்புக் காலம் தேவைப்படாமலும் போகலாம் என்பது. என் வழக்கு முழுக்க இந்த ஒரு வரியில்தான் நின்றது.

"மூன்று மாதம் கட்டாயம் பொறுக்க வேணும்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது 2014 ஜனவரி 1 இல் பழைய வேலை தேடுவோர் உதவித்தொகைக்கு, வருமானம் பார்த்துக் கொடுக்கிற வகைக்கு, கொண்டுவந்த விதி. இப்போது புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு இருப்பது யூனிவேர்சல் கிறெடிற், வேலையில்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் தருகிற உதவிப்பணம். அதற்கு அந்த மூன்று மாத விதி இல்லை, வதிவிடச் சோதனை மட்டும் உண்டு. லண்டனில் பல வருடம் இருக்கிறவர்களே இரண்டையும் போட்டுக் குழப்பி, சும்மா இருந்து மூன்று மாதம் கடன் வாங்கிச் சாப்பிடுங்கோ என்று புத்தி சொல்கிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது 2021 கடைசியில். தம்பி கனடாவில், அவனுடைய பிள்ளைகள் சின்னவர்கள். நான் தனி ஆள், ஆகவே நான்தான் வர வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே முடிவானது. வேலையில் இருந்து விலகும்போது மேலாளருக்குக் கொடுத்த கடிதத்தில் தாயைப் பராமரிக்கப் போகிறேன், முடிந்ததும் திரும்புவேன் என்று எழுதினேன். வாடகை வீட்டை விட்டேன், ஏனென்றால் லண்டன் வாடகையை ஆளில்லாமல் கட்ட என்னால் முடியாது. சாமான்களைப் பெட்டி கட்டி ஹரோவில் சித்தப்பாவின் மகள் வீட்டுக் கராஜில் வைத்தேன். வங்கிக் கணக்கை மூடவில்லை, கடிதங்கள் அவள் முகவரிக்கு வரும்படி மாற்றினேன். வந்து நின்ற காலம் எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022, பெற்றோல் வரிசை, மின்வெட்டு, மருந்துத் தட்டுப்பாடு. அம்மா 2023 கடைசியில் போனா. காரியங்கள் முடித்து, ஒருவழி ரிக்கற் எடுத்து 2024 தொடக்கத்தில் திரும்பினேன்.

கையில் இருந்த காசு அம்மாவோடு முடிந்துவிட்டது. வேலை தேடத் தொடங்கிய அதே கிழமை யூனிவேர்சல் கிறெடிற்றுக்கும் இணையத்தில் விண்ணப்பித்தேன். சோதனையில் தேறினாலும் முதல் காசு கைக்கு வர ஐந்து கிழமை ஆகும், ஆகவே காசு முடிந்த பிறகு விண்ணப்பிப்போம் என்று இருந்துவிடாதீர்கள். எல்லாத் தொடர்பும் இணையத்தில் உங்கள் பெயரில் திறக்கும் ஒரு குறிப்பேட்டின் வழியாகத்தான் நடக்கும், ஜேர்னல் என்கிறார்கள். அதில் செய்தி வந்து நீங்கள் பார்க்காமல் விட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். லண்டன் சிம் ஒன்று முதல் நாளே வேண்டும். அவர்கள் எடுக்கும் அழைப்பில் இலக்கம் தெரியாது, தெரியாத இலக்கத்தைத் தூக்காத பழக்கம் உள்ளவர்கள் அந்த மாதம் மட்டும் தூக்குங்கள்.

பிறகு நேர்காணல். கண்ணாடித் தடுப்பு ஒன்றும் இல்லை, ஒரு மேசை, ஒரு இளம் பெண், கணினி. மரியாதையாகத்தான் பேசினாள். எப்போது நாட்டை விட்டுப் போனீர்கள், எப்போது வந்தீர்கள், அங்கே எங்கே தங்கினீர்கள், அங்கே வீடு இருக்கிறதா, இங்கே யார் வீட்டில் இருக்கிறீர்கள், வாடகை கொடுக்கிறீர்களா, வேலைக்கு எங்கெல்லாம் எழுதினீர்கள், எவ்வளவு காலம் இருக்க நினைக்கிறீர்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் எங்கள் ஆட்களை விழுத்துகிறது. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை, நல்லூர்ப் பக்கம், இதே மாதிரித் திரும்பிப் போனவர், மொழிபெயர்ப்பாளரையும் கேட்டு எடுத்துக்கொண்டுதான் போனார் (கேட்டால் தருவார்கள், காசு இல்லை). எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்று கேட்க, "பாப்பம், கடவுள் விட்ட வழி" என்றிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது பணிவான பதில். நாளைக்கு என்ன நடக்கும் என்று அடித்துச் சொல்வது எங்களுக்குத் திமிர் மாதிரி. அங்கே அதை இவருக்கு இருக்கிற எண்ணமே இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். இருக்கத்தான் வந்தேன், இனி என் வாழ்க்கை இங்கேதான் என்று உண்மை அதுவானால் அப்படியே சொல்லுங்கள். உண்மை அதுவாக இல்லாவிட்டால் விண்ணப்பிக்காதீர்கள்.

நான் அதை எல்லாம் தெளிவாகத்தான் சொன்னேன். ஆனாலும் சில நாளில் ஜேர்னலில் பதில் வந்தது, இல்லை என்று. ஏன் என்று முழுமையாகப் புரிந்தது பிறகு மேன்முறையீட்டுக்கான கட்டு தபாலில் வந்தபோதுதான். நேர்காணலில் அவர்கள் எழுதிய குறிப்பும் அதில் இருக்கும், கட்டாயம் வரி விடாமல் வாசியுங்கள். லண்டன் வீட்டை விட்டார், வேலையை விட்டார், இலங்கைக்குப் போய் இரண்டு வருடத்துக்கு மேல் வசித்தார், இங்கே உறவினர் வீட்டில் தங்குகிறார். அவ்வளவுதான். எல்லாம் உண்மை. அம்மாவின் வருத்தம் பற்றி ஒரு எழுத்து இல்லை, ஹரோ கராஜில் இருந்த பெட்டிகளைப் பற்றி இல்லை. இப்படி வெட்டிப் பார்த்தால் நான் குடிபெயர்ந்து போன ஆள்தான். ஆகவே வாயால் சொல்வதை நம்பிக்கொண்டு போகாமல் ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் திகதியும் போட்டு, படம் எடுத்து ஜேர்னலிலேயே ஏற்றிவிடுங்கள். சொன்னது எழுதுபடாமல் போகலாம், ஏற்றியது அங்கேயே இருக்கும்.

மறுப்பு வந்ததும் செய்ய வேண்டியது இரண்டு, இரண்டையும் ஒரே நேரத்தில். முதலாவது, முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை கேட்பது. அதே துறையில் வேறொருவர் திரும்பப் பார்ப்பார். அதுவும் இல்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. இரண்டாவது, இதைத்தான் யாரும் சொல்வதில்லை, உடனே புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடுவது. தீர்ப்பாயம் பார்ப்பது முதல் முடிவு எடுத்த அந்த நாளில் உங்கள் நிலைமை என்ன என்பதை மட்டும். அதற்குப் பிறகு நீங்கள் அங்கே மாதக்கணக்கில் இருந்தாலும் அது அந்த வழக்குக்குள் வராது. நாள் போகப் போக வதிவிடம் கூடிக்கொண்டு போகிறது, ஆகவே இரண்டாவது விண்ணப்பத்துக்கு வெல்லும் வாய்ப்புக் கூட. சிலர் மேன்முறையீடு நடக்கிறதே, புதிதாகப் போட்டால் பழையதைக் கைவிட்டதாகிவிடுமோ என்று பயந்து மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆகாது.

எனக்கு இதைச் சொன்னது ஒரு இலவச ஆலோசனை நிலையத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரர். சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்று அங்கே பல ஊர்களில் இருக்கிறது, சில இடங்களில் சட்ட உதவி நிலையங்களும் உண்டு. காசு வாங்கிக்கொண்டு போர்ம் நிரப்பித் தருகிற எங்கள் ஆட்களிடம் போக முதல் அங்கே போங்கள். அந்த மனுசர் என் கடதாசிகளை மேசையில் பரப்பி வைத்து, பிள்ளை, நீ இங்கே புதிதாக வந்தவள் இல்லை, விட்ட இடத்தில் இருந்து தொடர்கிறவள், அதைக் காட்ட வேண்டும் என்றார். காட்டுவதற்கு வேண்டிய கடதாசி முக்கால்வாசி யாழ்ப்பாணத்தில் கிடந்தது.

அதனால் இதை ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன், விமானம் ஏற முதல் சேருங்கள். பிறகு மச்சாளுக்கும் பெரியப்பா மகனுக்கும் வாட்ஸ்அப்பில் கெஞ்சி எடுப்பது பெரும் பாடு. அம்மாவின் கிளினிக் கொப்பி என்னிடம் இருந்தது, யாழ் போதனா வைத்தியசாலையில் திகதி திகதியாகப் பதிந்தது. கூடப் போன ஆள் யார் என்று அதில் இராது, ஆனால் வருத்தம் எப்போது தொடங்கியது, எவ்வளவு கடுமை, எப்போது முடிந்தது என்று எல்லாம் தெரியும், அந்தத் திகதிகள் என் பாஸ்போட் முத்திரைகளோடு பொருந்தின. மரணச் சான்றிதழ் எங்கள் பக்கம் தமிழில்தான் தருவார்கள், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வையுங்கள், காணி அலுவலுக்கும் வேண்டிவரும். பிறகு விதானையாரின் கடிதம். கிராம சேவகர் கொடுக்கும் வதிவிட, நற்சான்றுப் பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைத்து எடுப்பது வழக்கம்தானே, ஆனால் அந்தப் படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் அது எதிராக வேலை செய்யும், ஏனென்றால் அது நீங்கள் இந்தப் பிரிவில் நிரந்தரமாக வசிப்பவர் என்று சொல்வதற்கான படிவம். எனக்கு வேண்டியிருந்தது வேறு. இன்ன திகதியில் இருந்து இன்ன திகதி வரை நோயாளியான தாயைப் பராமரிக்கத் தங்கியிருந்தார், தாய் இறந்தபின் வெளிநாடு திரும்பினார் என்று ஒரு கடிதம். விதானையார் முதலில் யோசித்தார். உள்ளதைத்தான் கேட்கிறேன் என்று விளக்கிச் சொல்ல, எழுதித் தந்தார்.

விசா பற்றியும் ஒரு வார்த்தை. நான் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை, விசாவை நீட்டித்து நீட்டித்துத்தான் நின்றேன். அலைச்சலும் செலவும் கொஞ்சமில்லை, அப்போது எரிச்சலாக இருந்தது. அந்த முத்திரைகள்தான் பிறகு நான் தற்காலிகமாக நின்றேன் என்பதற்கு வலுவான சான்றாகின. இதற்காக இரட்டைக் குடியுரிமை எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை, எடுத்தவர்கள் நேர்காணலில் அதைப் பற்றிய கேள்விக்கு ஆயத்தமாகப் போங்கள்.

லண்டன் பக்கத்தில் வேண்டியவை எளிது. குடும்ப மருத்துவரிடம் பதிந்தது, சித்தப்பா மகள் எழுதித் தந்த கடிதம் (எப்போதிருந்து, எந்த அறையில், காசு கொடுக்கிறாவா இல்லையா), வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்கள், பழைய வேலையின் விலகல் கடிதம், ஓய்வூதிய நிதியில் இருந்து வருடாவருடம் வந்த கடிதங்கள், ஒருவழி ரிக்கற். போகவர ரிக்கற் மலிவு என்று அதை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இருநூறு பவுண் மிச்சம் பிடிக்கப் போய் உங்கள் எண்ணத்துக்கு எதிராக நீங்களே ஒரு சான்று வாங்கியதாகிவிடும்.

இரண்டாவது விண்ணப்பம் சரிவந்தது. முதலாவது மறுபரிசீலனையிலும் தோற்று, தீர்ப்பாயம் வரை போனது. தொலைபேசியில்தான் விசாரணை. நீதிபதி சட்டம் ஒன்றும் என்னிடம் கேட்கவில்லை. பெட்டிகளில் என்ன இருந்தது என்று கேட்டார். பாத்திரம், குளிர்கால உடுப்பு, தையல் மெசின், சாமிப்படம் என்று சொன்னேன். வங்கிக் கணக்கு ஏன் திறந்திருந்தது, கடைசியில் அம்மாவை யார் பார்த்தார்கள், தம்பி ஏன் வரவில்லை. பதில்களைச் சொல்ல எனக்குத்தான் தொண்டை அடைத்தது, அவர் பொறுமையாக இருந்தார். முதல் விண்ணப்பத் திகதியில் இருந்தே நான் வழக்கமாக வசிப்பவள் என்று முடிவு வந்தது, இடையில் விட்டுப்போன காசும் வந்தது. சித்தப்பா மகளிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தேன்.

இன்னொரு வகை உதவித்தொகையும் இருக்கிறது. நீங்கள் கட்டிய தேசியக் காப்புறுதியை வைத்துத் தருவது, புதிய வகை ஜே.எஸ்.ஏ. (வேலை தேடுவோர் உதவித்தொகை) என்பார்கள், கூடியது ஆறு மாதம். அதற்கு இந்த வதிவிடச் சோதனை இல்லை. ஆனால் கடைசி இரண்டு முழு வரி வருடங்களில் வேலை செய்து கட்டியிருக்க வேண்டும், என்னைப் போல இரண்டு வருடம் வெளியே நின்றவர்களுக்கு அது சரிவராது. ஆறு மாதம், எட்டு மாதம் நின்று திரும்புகிறவர்களுக்குச் சரிவரலாம், கேட்டுப் பாருங்கள்.

ஐரோப்பியப் பாஸ்போட்காரரின் பாடு இதைவிடச் சிக்கல். ஜேர்மனி, நெதர்லாந்து, நோர்வே, பிரான்ஸ் என்று முதலில் அங்கே போய்க் குடியுரிமை எடுத்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டன் பக்கம் வந்த குடும்பங்கள் எத்தனை. 2020 டிசம்பர் 31 க்கு முதல் வந்தவர்கள், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் அவர்களுக்கென்று வைத்த குடியேற்றத் திட்டத்தில் பதிந்திருப்பார்கள், பொதுவான கடைசி நாள் 2021 ஜூன் 30. ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தவர்களுக்கு முழுத் தகுதி, அது இருந்தால் வசிக்கும் உரிமை பற்றி யோசிக்கத் தேவையில்லை. குறைந்தவர்களுக்கு முன்தகுதி, அது மட்டும் யூனிவேர்சல் கிறெடிற்றுக்குப் போதாது. வேலை செய்கிறவர், அல்லது செய்த வேலையைத் தன் விருப்பமில்லாமல் இழந்தவர் என்று ஒரு நிலை வேண்டும். வேலை தேடுகிறேன் என்பது மட்டும் காணாது. என் மச்சாளின் மகன் ஜேர்மன் பாஸ்போட்டோடு இப்படி நின்றான். வேலையை இழந்த அன்றே பதிந்து, நிறுத்திய கடிதத்தையும் சம்பளத் துண்டுகளையும் கொடுத்ததால் தப்பினான். வேலை போய்விட்டது என்று வெட்கத்தில் இரண்டு மூன்று மாதம் வீட்டில் படுத்துக் கிடந்தால் அந்த நிலையே கையை விட்டுப் போகக்கூடும். விசாவில் பொதுநிதி கிடையாது, அதாவது அரசாங்க உதவிப்பணம் எடுக்க முடியாது, என்று எழுதியிருப்பவர்கள் விண்ணப்பிக்கவே கூடாது, விசாவுக்கே வினையாகும். அகதி அந்தஸ்துக் கிடைத்தவருக்கு இந்தச் சோதனையே இல்லை.

இப்போது எங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கல். ஏற்கெனவே யூனிவேர்சல் கிறெடிற் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஊரில் ஒரு சாவு. பொதுவிதி ஒரு மாதம், அதற்குள் திரும்புவதாக இருக்க வேண்டும். அந்தியேட்டி முப்பத்தோராம் நாள். சாவு வீட்டுக்கு முதல் நாளே வந்தவர் கீரிமலைக்குப் போய்க் கிரியை முடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு மாதம் தாண்டிவிடும். நெருங்கிய உறவின் மரணம் என்றால், அந்த மாதத்துக்குள் திரும்பச் சொல்வது நியாயமில்லை என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால், இன்னும் ஒரு மாதம் வரை விட இடமிருக்கிறது. ஆனால் நெருங்கிய உறவு என்று அவர்கள் எழுதி வைத்திருப்பது தாய், தகப்பன், மாமனார் மாமியார், பிள்ளை, பிள்ளையைக் கட்டியவர், சகோதரம் இப்படித்தான். அம்மம்மா இல்லை, பெரியம்மா இல்லை, உங்களை வளர்த்தவ என்றாலும் இல்லை. யாருடைய சாவு என்பதைப் பொறுத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள், போக முதலே ஜேர்னலில் எழுதுங்கள், முப்பத்தோராம் நாள் கிரியை என்ன என்பதை இரண்டு வரியில் விளக்குங்கள். ஊரில் நிற்கும்போது வேலை தேடும் கடமை தானாக நின்றுவிடாது, அதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் வந்து போகலாம் என்று நினைப்பவர்களுக்கு, விமான நிலையத்தில் நீங்கள் போன திகதியும் வந்த திகதியும் அவர்களுக்குக் கிடைக்கக்கூடும்.

பிறகு வீடு. இது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. ஊரில் உங்கள் பெயரில் வீடு இருந்தால், அங்கே திரும்பிப் போக இடம் வைத்திருக்கிறீர்கள் என்று வதிவிடச் சோதனையில் கேட்பார்கள். சோதனையில் தேறினாலும் சொத்துக் கணக்கில் அது வரும். சேமிப்பும் சொத்தும் 16,000 பவுணுக்கு மேல் போனால் யூனிவேர்சல் கிறெடிற் இல்லை, 6,000 க்கு மேல் போனாலே குறையத் தொடங்கும். நீங்கள் குடியிருக்கும் வீடு கணக்கில் இல்லை, ஆனால் லண்டனில் இருந்துகொண்டு கொக்குவிலில் உள்ள சீதன வீடு நீங்கள் குடியிருக்கும் வீடு ஆகாது. யாழ்ப்பாணத்தில் இப்போது ஒரு பரப்புக் காணி விற்கிற விலைக்கு, நல்லூரடியில் சின்னக் காணி வைத்திருந்தாலே எல்லை தாண்டக்கூடும். ஓய்வூதிய வயது கடந்த தாயோ தகப்பனோ அதில் குடியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்காத விதி இருக்கிறது. அம்மா இருந்த வரைக்கும் எங்கள் வீட்டுக்கு அது பொருந்தியிருக்கும், அவ போனதோடு அதுவும் போனது. விற்க உண்மையாக முயற்சி எடுக்கிறீர்கள் என்றால் ஆறு மாதம், நியாயமான காரணம் இருந்தால் அதற்கு மேலும், விட்டுப் பிடிப்பார்கள். பலபேருடைய பெயரில் இருந்தால் உங்கள் பங்கை மட்டும், அந்தப் பங்கை விற்றால் என்ன கிடைக்குமோ அதைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது என்று மறைப்பவர்கள் உண்டு. தெரிந்தால் எடுத்த காசு முழுக்கத் திருப்பிக் கட்ட வேண்டும், மோசடி வழக்கும் வரலாம், பெரும்பாலும் காட்டிக் கொடுப்பது காணிச் சண்டையில் கோபித்த சொந்தக்காரர்தான்.

அவுஸ்திரேலியாவில் இருந்து ஒருவர் அங்கே எப்படி என்று கேட்டார். 2019 ஜனவரிக்குப் பிறகு நிரந்தர வதிவிடம் எடுத்த புதியவர்களுக்கு வேலையில்லாப் பணத்துக்கு நான்கு வருடக் காத்திருப்பு, அது நாள் எண்ணுகிற முறை, எண்ணத்தைக் கேட்பதில்லை. அயர்லாந்தில் பிரித்தானியா மாதிரித்தான், ஐந்து காரணிகளை வைத்துப் பார்க்கிறார்கள். கனடா பற்றித் தம்பியைத்தான் கேட்க வேண்டும், அவன் இந்தக் கதைக்கே வரமாட்டான்.

நான் இப்போது நிற்பதும் அந்த வீட்டு அலுவலாகத்தான். அம்மா எழுதிவைத்த காணி உறுதிப்படி வீடு எனக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. விற்பனைக்கு விட்டிருக்கிறேன் என்பதற்கு விலை மதிப்பீட்டாளரின் கடிதம் எடுத்தாயிற்று, தரகர் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், இரண்டையும் ஜேர்னலில் ஏற்றிவிட்டேன். தம்பியின் அற்றோணித் தத்துவம் (அவன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) ரொறன்ரோவில் இருந்து வர வேண்டும். இந்த மாதம் முடிய முன் நான் விமானம் ஏற வேண்டும், அதையும் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.